சுவரில் ஏறிய கல்யாணப் பாய்

1994, ஆவணி, ஞாயிறு இரவு

புது ஸ்டீரியோவில் நாதஸ்வரம் போட்டால், தகர டப்பாவில் ஆணி கொட்டியது போல் கேட்டது. குற்றம் ஸ்பீக்கருடையதல்ல, பின்னால் இருக்கும் மொட்டைச் சிமெண்ட் சுவருடையது என்று இன்று கண்டுபிடித்தேன். உலக விஞ்ஞானிகள் பொறாமையில் காய்ச்சல் கண்டு படுத்திருப்பார்கள்.

சுவரை மூட அகலமாக ஒன்றுதான் அகப்பட்டது. அக்கா தன் மகள் கல்யாணத்துக்காக, பெண் மாப்பிள்ளை பேர் போட்டு நெய்து வாங்கிய பத்தமடைப் பாய். யார் கண்ணிலும் காட்டாதே என்று என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். சுவரில் மாட்டினேன். நாதஸ்வரம் பால்கோவாவாகக் குழைந்தது. தாமிரபரணியே நின்று கேட்டிருக்கும்.

அந்நேரம் பார்த்து அக்காவும் மாப்பிள்ளையின் அப்பாவும் உள்ளே வந்தார்கள். அக்கா முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் முறிந்தது என்றே நானும் நினைத்தேன்.

அவரோ கண்கலங்கினார். "எங்க பய பேரை இம்புட்டு ஒசரத்துல மாட்டியிருக்கியளே அண்ணாச்சி! எங்க வீட்டுல அவனை ஒருத்தரும் மதிக்க மாட்டாவ. வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வாரேன், வந்து பாக்கட்டும்."

"மாப்பிள்ளைன்னா சும்மாவா?" என்றேன் கூசாமல்.

அவர் போனதும், "நெசத்தைச் சொல்லு, எதுக்குலே மாட்டுன?" என்றாள் அக்கா.

"பாட்டு நல்லா கேக்குதுக்கா."

பாயைக் கழற்றப் போனவள் வெள்ளிக்கிழமையை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாள். "பாய் அங்கனயே கெடக்கட்டும். நீ பாட்டுப் போட்டுப் பாரு, தெரியும்!"

பூலோகத்திலேயே இனிமையான ஓசை இப்போது என் கூடத்தில் தயாராக இருக்கிறது. ஸ்டீரியோவின் கரண்டு வயரைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு அக்கா அங்கேயே படுத்திருக்கிறாள். பைய உருவிவிடலாம் என்று இரண்டு தடவை போனேன். தூங்குகிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தடவையும் என் கையில் நறுக்கென்று கிள்ளிவிட்டாள்.