டியூட்டி புத்தகத்தில் இல்லாத பெயர்

கோலா நிப்பா
8.12.2024

அன்பு மணியம்,

உன் முட்டி வலி எப்படி? போனில் கேட்டால் மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு.

நம் துறைமுக ஊரின் நூற்றாண்டு மலரை என் தலையில் கட்டிவிட்டார்கள். ரயில் வருவதற்கு முன் இங்கே கருவாடு காயும் மணல்தான். தோட்டத்து ரப்பரைக் கப்பலேற்றத் தண்டவாளம் போட்டார்கள். அதன் இருபுறமும் கடை, கோயில், சர்ச், நாம் பிறந்த ரயில்வே லயத்து வரிசை வீடுகள் எல்லாம் முளைத்தன. இதுவரை எழுதிவிட்டேன். 1967 தைப்பூசத்தில் பேனா நின்றுவிட்டது.

அன்று சரக்கு வண்டி தடம் மாறி ஆற்றில் இறங்கியதே, தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தவர் உன் அப்பா அம்மாசி என்கிறது டியூட்டி புத்தகம். அவர் வேலையும் போனது. ஆனால் அன்று அவர் காவடி எடுத்தார். அவருக்குப் பதில் நின்றவர் என் அப்பா. சாகும்போது என்னிடம் சொன்னார். பத்தொன்பது வருடமாக அதை மறைத்துக்கொண்டு உன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உன்
ஆர்தர்

மெர்போக்
15.12.2024

அன்புள்ள ஆர்தர்,

எனக்கு எப்போதோ தெரியும். தைப்பூசத்துக்கு உன் அப்பா, கிறிஸ்மஸுக்கு என் அப்பா என்று வேலையை மாற்றிக்கொள்வார்கள், புத்தகத்தில் எழுதமாட்டார்கள். அம்மா சண்டை போட்டபோது அப்பா சொன்னார்: "சொன்னா அவனுக்கும் வேலை போயிடும்லா. ரெண்டு வீடும் பட்டினி கெடக்கணுமா?"

அந்த வேலை போனதும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட இங்கே வந்தோம். அதன்பின் அப்பா காவடியைத் தொடவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. உன்மேல் கோபமில்லை என்றால் பொய். பத்தொன்பது வருடம் கொஞ்சம் அதிகம்டா. மலரில் என்ன போடுவது என்று மட்டும் என்னைக் கேட்காதே. அவர் உன் அப்பா.

இந்த முறை அந்தக் காவடியை நான் எடுக்க நினைத்தேன். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஆடுகளைப் பார்க்க ஆளில்லை. முறுக்கு அனுப்பியிருக்கிறேன், உன் பல் தாங்கினால் சாப்பிடு.

மணியம்

கோலா நிப்பா
4.1.2025

அன்பு மணியம்,

பல் தாங்கியது. மலரும் வந்துவிட்டது. பதினாறாம் பக்கத்தில் இப்படிப் போட்டிருக்கிறேன்: "அன்று தண்டவாளத்தை மாற்றிவிட மறந்தவர் என் தந்தை. பழியைச் சுமந்தவர் அவர் நண்பர் அம்மாசி." தங்கை ஏமி என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாளே வருகிறேன். ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்க் காவடி எடு. உன் வீட்டு நாள்காட்டியில் அந்தத் தேதிக்கு நேராக என் பெயரை இப்போதே எழுதி வை.

உன்
ஆர்தர்