ஹெஸ்டரின் சனிக்கிழமைகள்

ஹோம்கில் பண்ணை,
கம்பர்லாந்து.
19 நவம்பர் 1961

மதிப்பிற்குரிய ஐரிஸ் அவர்களுக்கு,

கனடாவில் நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களை என்ன முறை சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தங்கை ஹெஸ்டர் இருந்த வீட்டில் இப்போது இருப்பவள் நான். அவள் கணவர் ஜாஸ் என்னை மணந்து பதினான்கு மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை என்று இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். இப்போது வேறு வழி இல்லாமல் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் தங்கை மகள் ஜென்னட்டுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள், படிப்பில் கெட்டி. ஆடுகளை மலையிலிருந்து இறக்கியாயிற்று. ஜாஸுக்கு முழங்கால் வலிதான் தொந்தரவு.

இந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டு வைக்கிறோம். வந்த முதல் நாளே ஜாஸ் சொல்லிவிட்டார், "அவ தட்ட மட்டும் எடுக்காத மியூரியல், இருந்துட்டுப் போகட்டும்" என்று. நான் எடுக்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் யாரும் உட்காருவதும் இல்லை. பழகிவிடும் என்று நினைத்தேன்.

பழகாதது சனிக்கிழமைதான். அன்று கொத்துக்கறிமேல் மசித்த கிழங்கைப் பரப்பிச் சுடும் மேய்ப்பன் பை செய்யும் வழக்கம் உங்களுக்கே தெரியும். நான் கார்லைல் நகரத்தில் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அடுப்பு எனக்குப் புதிதல்ல. ஆனாலும் ஜாஸ் ஒரு வாய் தின்றுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்ல" என்பார். ஜென்னட் மேலே இருக்கும் உருளைக்கிழங்கை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு, கறியை அப்படியே விட்டுவிடுவாள்.

பக்கத்துப் பண்ணை ஹில்டாவிடம் போய் நின்றேன். அவர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். "மேய்ப்பன் பைன்னா ஆட்டுக்கறிதான், அதுவும் ஞாயித்துக்கிழமை சுட்டதுல மிஞ்சினது. கத்தியாலதான் கொத்தணும், மெஷின்ல போட்டு அரைச்சா அது நாய்க்குத்தான். தக்காளி கிக்காளி போட்டுறாத. கிழங்குக்கு வெண்ணெய்ல கஞ்சத்தனம் பண்ணாத" என்றார். மாட்டுக்கறியில் செய்தால் அதற்குப் பேரே வேறு, அது சமவெளிக்காரர்கள் தின்பது என்று உதட்டைப் பிதுக்கினார். ஹெஸ்டர் கையால் செய்ததுதான் இந்தப் பள்ளத்தாக்கிலேயே உண்மையானது என்றும், விருந்தாளி வந்தால் ஜாஸ், "எங்க மலைப்புல்லு ருசி தெரியுதா பாருங்க" என்று பெருமையடிப்பார் என்றும் சொன்னார்.

அவர் சொன்னபடியே செய்தேன். எங்கள் கொட்டிலில் வளர்ந்த ஆட்டின் கறி, கத்தியால் கொத்தியது, மேலே முள்கரண்டியால் வரி இழுத்தது. ஜாஸ் தின்றுபார்த்தார். "இது அது இல்ல."

ஹெஸ்டர் இறந்த நாளைப் பற்றியும் ஹில்டாதான் சொன்னார். ஜாஸ் என்னிடம் பேசியதில்லை. அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை, பனிப்புயலில், ஆட்டைத் தேடி ஹெஸ்டர் மலைக்குப் போயிருப்பாள் என்று ஜாஸ் பொழுது சாயும்வரை மேலே தேடினாராம். மறுநாள் அவள் உடல் கிடைத்தது கீழே, பாலத்தடியில், பனியில் புதைந்து. நல்ல கோட்டுப் போட்டிருந்தாள், கையில் பணப்பை இருந்தது. பேருந்து நிற்கும் இடம் அது. அதன்பிறகு ஊர் என்ன பேசியது என்று நான் எழுத வேண்டியதில்லை. ஜாஸ் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் தினமும் பாலம்வரை நடந்து போய்ச் சும்மா நின்றுவிட்டு வருகிறார்.

சென்ற மாதம், பாலத்தடிக்கு வரும் கறிக்கடை வண்டியில் சிறுநீரகம் வாங்கப் போனேன். வண்டிக்காரர் பெர்சி என்னைப் பார்த்ததும், "ஹோம்கில் வீடா? வழக்கம்போல ஒரு பவுண்டு மாட்டுக்கறியா?" என்று கேட்டார். எந்த வழக்கம் என்றேன். "முன்ன இருந்த அம்மா சனிக்கிழமை தவறாம வாங்குவாங்க. வெளிய சொல்லாத பெர்சி, சொன்னா எங்க வீட்டு மேய்ப்பன் என்னத் துரத்திடுவாருன்னு சிரிப்பாங்க" என்றார்.

நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு பவுண்டு வாங்கி வந்து அதில் செய்தேன். ஐரிஸ், அதை நான் செய்திருக்கக் கூடாது.

வாசனை வந்ததுமே ஜென்னட் படியிறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஜாஸ் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். இந்த முறை முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. தட்டைக் காலி செய்து இன்னொரு முறை போட்டுக்கொண்டார். பிறகு ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து, சாதாரணக் குரலில், "எப்ப வந்த?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருப்பதுபோல் தலையைச் சாய்த்தார். "கால் நனைஞ்சிருக்கே, அடுப்புகிட்ட வா" என்றார். நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் கண்ணும் தானாக அந்த நாற்காலியின் கீழே தரையைப் பார்த்தது. தரை காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் நான் பார்த்தேன்.

ஜென்னட் வெளியே ஓடி வாந்தியெடுத்தாள். கொட்டிலில் அவளைக் கண்டுபிடித்து மடியில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் சொன்னாள். நாலு வயதில் அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டி ஒன்று ஒரு நாள் தட்டில் வந்ததாம். அதன்பிறகு ஆட்டுக்கறியை அவள் தொடவில்லை. அவளுக்காகத்தான் ஹெஸ்டர் திருட்டுத்தனமாக மாட்டுக்கறி வாங்கினாள். அப்பா மலைப்புல் ருசி என்று பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் அம்மாவும் மகளும் மேசைக்கு அடியில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்வார்களாம்.

"அன்னிக்குப் பனி கொட்டிச்சு. இன்னிக்குப் பை வேண்டாம், முட்டை தின்னுன்னு அம்மா சொன்னாங்க. நான்தான் அழுதேன். எனக்குப் பைதான் வேணும்னு காலால ஒதைச்சேன். அப்புறம் கோட்ட மாட்டிக்கிட்டுப் போனாங்க" என்றாள். மூன்று வருடத்துக்கு மேலாக இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

மூன்று நாள் என்னுள்ளேயே வைத்துப் புழுங்கினேன். பிறகு ஜாஸ் ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தபோது, ஜென்னட் சொன்னதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன். "மாட்டுக்கறியா?" என்று கேட்டு, அவர் சிரித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். "ரெண்டு மூணு வருஷமா எனக்கு மாட்டத் தின்னக் கொடுத்தாளா, திருட்டுக் கழுத" என்றார். பிறகு ஆட்டை விட்டுவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப பஸ்ஸுக்குப் போகலியா? என்ன விட்டுட்டுப் போகலியா?" என்றார். அவர் கண்ணீரைத் துடைக்க என்னிடம் மேலங்கி முனைதான் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. நாலு நாள் கழித்து ஜாஸ் என்னிடம் கேட்டார், "அந்தப் பனியில கறி வண்டி எப்படி மியூரியல் வரும்? அவ இந்த மலையிலயே பொறந்தவ. வராதுன்னு அவளுக்குத் தெரியாதா?" நான் பெர்சியைக் கேட்டேன். அன்று வண்டியை எடுக்கவே இல்லை என்றார். பேருந்து வந்ததா என்று சொல்ல ஆள் இல்லை. அதிலிருந்து ஜாஸ் பாலத்தடியில் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. ஜென்னட்டோ, அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவைக் கொன்றது தான்தான் என்று அவர் நினைக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். ரொட்டியும் தேநீரும் தவிர எதுவும் உள்ளே போவதில்லை. மணிக்கட்டு குச்சிபோல் ஆகிவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். ஹெஸ்டர் கறி வாங்கத்தான் போனாள் என்றால் ஜாஸுக்கு நிம்மதி, அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் சுமை. பேருந்துக்குப் போனாள் என்றால் பிள்ளை தப்பித்தாள், ஜாஸ் உடைந்துபோய்விடுவார். இரண்டு பேரையும் கரையேற்றும் உண்மை ஒன்று இருக்குமா என்று நான் தினமும் பாத்திரம் துலக்கும்போது தேடுகிறேன்.

சென்ற சனிக்கிழமை நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. குளிர்ந்த ரொட்டிதான். பகல் இரண்டு மணிக்கு வெங்காயமும் கறியும் வேகும் வாசனை வந்தது. நாங்கள் மூன்று பேருமே தலையை நிமிர்த்தினோம்.

ஹெஸ்டர் உங்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவாள் என்று ஜாஸ் சொன்னார். அந்தக் கடைசிக் குளிர்காலத்துக் கடிதங்கள் உங்களிடம் இருக்கும். அவற்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். எங்கேயும் போகும் எண்ணம் அவளுக்கு இல்லையென்று தெரிந்தால் அதை ஜாஸுக்கு எழுதுங்கள். அதில் எது இருந்தாலும், ஜென்னட்டுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். பசித்த பிள்ளை கேட்டு அழுதது குற்றமில்லை என்று எழுதுங்கள். நான் சொன்னால் அவளுக்குள் இறங்கவில்லை. உங்கள் கையெழுத்து அவள் அம்மாவின் கையெழுத்துப் போலவே இருக்கும் என்கிறாள்.

ஒருவேளை அந்தக் கடிதங்களில் வேறு ஏதாவது இருந்தால், அவர்கள் இருவருக்கும் அதை எழுத வேண்டாம். என் பெயருக்கு அனுப்புங்கள் அக்கா. தபால்காரரை வாசலில் பார்ப்பவள் நான்தான். படித்து நானே வைத்துக்கொள்கிறேன்.

கடவுள் உங்கள் வீட்டைப் பனியிலிருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
மியூரியல்