கத்தரித்த ஒப்பந்தம்

சின்சினாட்டி
மார்ச் 9, 1981

அன்பு மகள் நோரீனுக்கு,

கல்யாண வேலையில் மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கும் உன்னை இந்தக் கடிதத்தால் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள். தொலைபேசியில் சொல்லத்தான் கூப்பிட்டேன், கல்யாணச் செலவுக் கணக்கைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், சியாட்டில் மழையில் நீயும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்தது, குறைந்த மறுநாளே கூரையில் ஏறிவிட்டார், சொன்னால் கேட்பாரா.

விஷயம் என் தோழி லூசிலைப் பற்றியது. பேச்சு வந்த நாளிலிருந்து நீ அவளைச் சித்தி என்று கூப்பிடுகிறாய், அதனால்தான் எழுதக் கை வரவில்லை. வானொலி நட்சத்திரங்களின் கையெழுத்துக்காக நானும் அவளும் எத்தனை ஊர் அலைந்திருக்கிறோம், உனக்கே தெரியும். புகைப்படங்களைத் தொடமாட்டோம், ரசிகர்களுக்குப் போன படங்களில் பெரும்பாலும் அலுவலகப் பெண்கள்தான் நட்சத்திரத்தின் கையெழுத்தைப் போட்டார்கள். வானொலி நிலையத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில்தான் நட்சத்திரமே குனிந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். என்னிடம் இருந்தவற்றில் என் உயிர், அந்தக் கால வானொலி நட்சத்திரம் செட் டன்லவியின் ஒப்பந்தம். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி முடித்தவள் நான், அவருடைய வானொலி நிலையத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த புதிது, யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். சாட்சிக் கையெழுத்துப் போட வரவேண்டிய மேலாளர் ரயிலைத் தவறவிட்டார். டன்லவி பேனாவை என் பக்கம் நீட்டி, "படிச்ச பொண்ணுதானே, நீ போடும்மா, என் பேருக்கும் ஒரு துணை வேணும்ல" என்றார். அவர் பெயருக்கு அடியில் என் பெயர். அந்தக் கட்டடத்தில் நான் இருந்தேன் என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் இல்லை. நிலையம் இடம் மாறியபோது பழைய கோப்புகளோடு குப்பைக்குப் போக இருந்ததை மேலாளரே எடுத்துக் கொடுத்தார்.

போன மாதம் எங்கள் கையெழுத்துச் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சிக்கு வேண்டும் என்று லூசில் கேட்டாள், கொடுத்தேன். திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தின் அடிப்பகுதி இல்லை. டன்லவியின் கையெழுத்தை மட்டும் கத்தரித்து, ஒரு புகைப்படத்துக்குக் கீழே ஒட்டி, சட்டம் போட்டு, சிகாகோக்காரர் ஒருவருக்கு விற்றிருக்கிறாள். நேரே போய்க் கேட்டேன். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏண்டி வெர்னா, ஒரு இன்ச்தானே போச்சு, மீதி பத்திரமா வந்துருச்சுல்ல? முழு ஒப்பந்தத்தை யாருடி சுவத்துல மாட்டுவா?" என்றாள். கீழே இருந்த என் பெயர் எங்கே என்றேன். "குறுக்க நின்னுச்சு, வெட்டிப் போட்டேன். உன் பேரை யாரு வாங்கப் போறா?" என்று சிரித்தாள். கூடச் சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன் நோரீன், அதுதான் இன்னும் ஆறவில்லை. அப்பாவிடம் சொன்னால், "அந்தம்மா கத்தரிக்கோலோட பொறந்தவள்னு நான் அப்பவே சொன்னேனே" என்கிறார். அவருக்கு எல்லாம் அப்பவே தெரியும்.

கல்யாண உடையை இடுப்பில் கொஞ்சம் தளர்த்தித் தைக்கச் சொல், அன்றைக்கு நீ சாப்பிட வேண்டாமா. விருந்தாளிகளுக்கு ஓட்டலில் இடம் சொல்லிவைக்க மறக்காதே. நீயும் டெனிஸும் ஒருவர் மனதை ஒருவர் அறிந்து நெடுங்காலம் நன்றாக இருங்கள்.

என்றும் உன் அம்மா,
வெர்னா

பி.கு.: உன் திருமணப் பதிவில் லூசில் சாட்சிக் கையெழுத்துப் போடப்போவதாகச் சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விருந்துக்கு வரட்டும், முன்வரிசையிலேயே உட்காரட்டும், நான் முகம் சுளிக்கமாட்டேன். அந்தக் கையெழுத்தை மட்டும் நான் போடட்டுமா?