பல் டாக்டரிடம் சொல்லாத மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

"ஆமாம், மாத்திரை சாப்பிடுகிறேன்." இன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

அலுவலகத்தில் இலவசப் பல் பரிசோதனை. கூட்ட அறையில் மேசையை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் எட்டுப் பேர். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் பெரிது. உதட்டை இழுத்துப் பார்த்தாள்.

"ஈறு என்ன இப்படி வளர்ந்திருக்கு? பல்லைப் பாதி மூடிடுச்சே. தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லை."

"அப்ப ஒழுங்கா பல் தேய்க்கறதில்லை. அப்படித்தானே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் தலையாட்டினேன். வலிப்புக்காரி என்று தெரிவதைவிட அழுக்கு வாய்க்காரி என்று பெயரெடுப்பது மேல் என்று அந்த அரை நொடியில் முடிவு செய்துவிட்டேன். என்ன பெண் நான்?

மார்ச் 5, புதன்

மூன்று முறை தேய்த்தேன். மூன்று முறையும் ரத்தம்.

மார்ச் 7, வெள்ளி

அலுவலகத்தில் இதுவரை சுயமுன்னேற்ற நூல்களையே ஒலிப்பதிவுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். இப்போதுதான் முதல் முறையாக ஒரு நாவல். நானூற்றுப் பத்துப் பக்கம், முழுக்க என் குரலில் ஒலிப்புத்தகம். இன்று நாற்பதாம் பக்கத்தில் ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். அடுத்த அறையில் பேனா விழுந்தாலும் கேட்டுவிடுவார், அதனால் எல்லோருக்கும் அவர் 'காது'.

"ஏம்மா, உன் 'ச' எல்லாம் வழுக்குதே. வாயில மிட்டாயா? எனக்கும் ஒண்ணு குடு."

வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

"இப்படியே போனா மேனேஜர் வேற குரல் தேடுவார், பாத்துக்க."

மார்ச் 9, ஞாயிறு

ஐந்து வருடமாக மாத்திரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டுவந்த மடித்த தாளை இன்று விரித்தேன். எறும்பு எழுத்து. பக்க விளைவுகள், நான்காவது வரி: ஈறு தடித்தல்.

பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் நான். இதை மட்டும் ஏன் படிக்கவில்லை? படித்தால் நோய் என்னுடையதாகிவிடும் என்றா?

கீழே தடித்த எழுத்தில்: மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தப் போவதில்லை. காலை மாத்திரையை மட்டும் விடப் போகிறேன். வலிப்பு வந்து மூன்றரை வருடம் ஆகிறது. ஒரு வேளை குறைத்தால் என்ன குடியா முழுகிவிடும்?

மார்ச் 13, வியாழன்

அக்கா போன் செய்தாள். என் வலிப்பு விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"மாத்திரை போட்டியாடி?"

"போட்டேன்க்கா."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"பல்லு வலி."

"அதையும் யார்கிட்டயும் சொல்லாத. எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்ல."

மார்ச் 17, திங்கள்

ஈறு அப்படியேதான் இருக்கிறது. காலையில் இடது கை ஒரு முறை உதறி, டம்ளர் கீழே விழுந்தது. தூக்கம் போதவில்லை. அவ்வளவுதான். அவ்வளவுதானே?

மார்ச் 21, வெள்ளி

புதன்கிழமை வலிப்பு வந்துவிட்டது. பதிவு அறையில், நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில், வாக்கியத்தின் நடுவே. அடுத்து நினைவிருப்பது கூரை விளக்கும் ஒலிப்பதிவாளர் 'காது'வின் முகமும்.

பதிவின்போது யாரும் திறந்துவிடாமலிருக்க நாங்கள் எல்லோருமே உள்ளே தாழ்ப்பாள் போடுவோம். நானும் போட்டிருந்தேன். கதவுக் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திறந்திருக்கிறார். அவர் கையில் கட்டு. என் நாக்கில் பல் பதிந்த காயம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நான் என்ன ஊரைக் கூட்டித் தண்டோராவா போடப்போறேன்?"

அக்கா வந்து அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "ஈறுக்காகத்தான்க்கா குறைச்சேன்," என்றேன்.

"பல்லு போனா கட்டிக்கலாம்டி. நீ போனா?"

மார்ச் 24, திங்கள்

அக்காவோடு அதே பல் டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையின் பெயர், எத்தனை வருடம், எத்தனை நாள் விட்டேன் என்பதுவரை. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என் தப்பு."

மறுபடி பேனாவை எடுத்து, "மாத்திரையை மாத்தறதா வேண்டாமான்னு நரம்பு டாக்டர் பாத்துக்குவார், அவருக்குக் கடிதம் தரேன். ஈறு என் பாடு. பல் தேய்க்கறது உங்க பாடு. யாரும் அடுத்தவங்க வேலையைச் செய்ய வேண்டாம், சரியா?" என்றாள்.

சிரிப்பு வந்தது. வாயை மூட மறந்துவிட்டேன்.

மே 2, வெள்ளி

பழைய மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துப் புதியதைக் கூட்டி வருகிறார்கள். ஈறு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இறங்காததைப் பிறகு வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் எனக்கு ஒரு சிறிய நூல் தருகிறார்கள்.

நாவலை வேறொருத்தி முதல் பக்கத்திலிருந்து வாசித்து, அது நேற்று வெளியாகிவிட்டது.