நீ படித்த கோழிப் பாட்டு

விளாங்குடி,
வெகுதானிய வருஷம், ஆவணி மாதம் 12-ந் தேதி

பினாங்கில் நாடகக் கம்பெனியோடு இருக்கும் மகன் கண்ணுச்சாமிக்கு அப்பன் உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மா அன்னக்கொடியும் உன் அக்கா அழகம்மாளும் சாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே உன் உடம்பும் தொண்டையும் எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டும். வழக்கப்படி எழுதுவதற்கு எனக்கு இம்புட்டுத்தான் பொறுமை இருந்தது. இனிமேல் எழுதப்போவது முழுக்கக் கோபத்தில் எழுதுவது, ஆடி மாதம் பூராவும் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டேன், இன்றைக்குத்தான் எழுத்து நேராக வருகிறது. ஒரே தடவையில் முழுவதையும் படி, பாதியில் மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதே.

உன் பாட்டு எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. நீ நாடகத்துக்குப் போனபோது ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன், அது உண்மைதான், ஆனால் திண்டுக்கல்லில் நீ அரிச்சந்திரன் வேஷம் கட்டிப் புலம்பல் படித்த அன்றைக்குக் கூட்டத்தில் கடைசியில் நின்று கேட்டுவிட்டு உனக்குத் தெரியாமல் திரும்பி வந்தேன், இதுவரைக்கும் உன்னிடம் சொன்னதில்லை. உன்னுடைய முதல் பிளேட்டு, அந்த முருகன் பாட்டு, காளையின் காப்பிக் கடைக் கிராமபோன் பெட்டியில் ஓடும்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுவேன். மாடு அவிழ்க்கிற நேரம் தப்பினாலும் பரவாயில்லை என்று நிற்பேன். உன் குரல் மேலே ஏறி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறதே, அந்த இடம் வருகிறவரைக்கும் கடையில் யாரும் டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது எனக்கு. இம்புட்டும் எதற்கு எழுதுகிறேன் என்றால், பாட்டுத் தெரியாத காட்டான் திட்டுகிறான் என்று நீ தள்ளிவிடக் கூடாது.

ஆனி மாதம் உன் புதுப் பிளேட்டு வந்திருக்கிறது என்று காளை ஆள் விட்டுக் கூப்பிட்டான். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பெருமையாகத்தான் போனேன். கடை நிறைய ஆள். புருசனை விட்டுவிட்டு ஒரு பெண்பிள்ளை கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டில் நடந்துபோகிறாள் என்று ஆரம்பித்தாய், “கட்டின புருசன் வேண்டாமாம், கக்கத்துக் கோழி வேணுமாம்” என்று நீ இழுத்த இழுப்பில் கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணுச்சாமி, நானும் சிரித்தேன் என்பதை நன்றாகப் படித்துக்கொள், ஏனென்றால் அதற்காகவும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம். இரண்டாவது அடியில் அந்தக் கோழிக்கு வால் இல்லை என்று வந்தது, அவள் வாடிப்பட்டியிலிருந்து நடக்கிறாள் என்று வந்தது, அப்போதுதான் அது நம் அழகம்மாள் என்று எனக்கு விளங்கியது, சிரித்த வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும், ஒவ்வொருத்தராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. நீ அவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறாய்.

பாட்டு வாத்தியார் எழுதிக் கொடுத்தார், பிளேட்டுக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், நான் வாயைத்தான் திறந்தேன் என்று பதில் போடாதே. உன் அம்மாவும் இதைத்தான் சொல்லிச் சொல்லி என்னைச் சமாதானம் பண்ணப் பார்க்கிறாள். அந்தக் கோழிக்கு வால் இல்லை என்பது எந்த வாத்தியாருக்குத் தெரியும்? மாசி மாதம் நீ ஒரு வாரம் வந்து தங்கினாயே, அப்போது அழகம்மாள் உனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே வாடிப்பட்டியிலிருந்து தான் வந்த கதையைச் சொன்னாள். புருசன் மருது உலக்கையால் அடித்ததையும், அவன் வெளியே போனதும் அவள் கிளம்பியதையும், விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கே அறுத்துவிடுவார்கள் என்று அந்தக் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்ததையும் அவளே சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். அழுதால் நீ வருத்தப்படுவாய் என்று சிரித்தாள். அவள் இடது கையில் அன்றைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது, வலது கையால் மட்டும் உனக்குப் பரிமாறினாள், எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டாய். பங்குனியில் பட்டணம் போய்ப் பிளேட்டில் படித்தபோது கோழியை எடுத்துக்கொண்டாய், உலக்கையை எங்கே விட்டாய்? உன் பாட்டில் அந்தப் புருசன் ஒரு பாவப்பட்ட மனுசன், பசியோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறான், இவள் வாயாடி, ஓடுகாலி. நீ நாடகத்துக்குப் போக வேண்டும் என்று வீட்டில் அடி வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கும் உனக்கும் நடுவே வந்து விழுந்தவள் அவள்தான், அவளா உனக்குக் கேலி பண்ணக் கிடைத்தாள்?

கேலியோடு போயிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வாய்க்காலுக்குப் போனால் பிள்ளைகள் பின்னால் படித்துக்கொண்டு வருகிறார்கள் என்று அவள் போவதையே நிறுத்தினாள், அதையும் பொறுத்தோம். ஆடி பத்தாம் தேதி சமயநல்லூரில், இரண்டு ஊருக்கும் நடுவாக, மருதுவையும் அழகம்மாளையும் பிரித்துத் தீர்த்துவிடுவதற்குக் கூட்டம் வைத்திருந்தோம். பெரியவர் பேயாண்டிதான் நடுவர். அடித்தான், கை ஒடிந்தது, இனி அங்கே வாழ முடியாது என்று நான் எடுத்துச் சொன்னேன். மருதுவின் பெரியப்பன் ஆண்டிச்சாமி எழுந்தார். துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த பிளேட்டை எடுத்துப் பெரியவர் முன்னால் வைத்தார். “கூடப்பிறந்தவனே அவ யோக்கியதையப் பாட்டாக் கட்டிப் படிச்சிருக்கான். இதுக்கு மேல சாட்சி எதுக்கு?” என்றார். எங்கள் பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை, திமிர் பிடித்துப் போனவளைத் திரும்ப அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். என் மகன் பொய் படித்திருக்கிறான் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்பன் என்று அங்கே போய் நின்றதற்கு நான் வெட்கப்பட்ட இடம் அது.

அப்போது அழகம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். நான் தடுக்கக் கை நீட்டினேன், அவள் பார்க்கவில்லை. பெரியவரிடம் நேராகப் போய், “பாட்டுல கோழி வருது, எம் புருசன் வாராரு, ரோடு வருது. எங் கை வரலையே அய்யா. அதை யாரு படிப்பா?” என்று சொல்லி, வளையலை முழங்கைக்கு ஏற்றிக் கையை அவர் மடியருகே நீட்டினாள். கட்டு அவிழ்த்த பிறகு அந்தக் கை நேராக வரவில்லை கண்ணுச்சாமி, மணிக்கட்டுக்கு மேலே கோணிக்கொண்டு நிற்கிறது, குடத்தைப் பிடித்தால் நழுவுகிறது. பெரியவர் தொட்டுப் பார்த்தார், எலும்பு முண்டிக்கொண்டிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே மருதுவிடம் இது உலக்கையா என்று கேட்டார். மருது தரையைப் பார்த்தான். இரண்டாவது தடவை கேட்டார், ஆமாம் என்றான். அதற்குப் பிறகு யாரும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. தீர்த்துவிட்டார்கள், தாலியை அவளே கழற்றிக் கொடுத்தாள், அவள் பாத்திரங்கள் மூன்றாம் நாள் வண்டியில் வந்து சேர்ந்தன. அந்தப் பிளேட்டை ஆண்டிச்சாமி எடுக்காமலே போய்விட்டார். நானும் எடுக்கவில்லை.

நல்லபடியாக முடிந்ததே, இன்னும் எதற்குக் கோபம் என்று நினைப்பாய். கோச்சடை மலைச்சாமி, பெண்டாட்டியை இழந்தவன், நிதானமான ஆள், அழகம்மாளைக் கேட்டு வைகாசியிலேயே தன் அக்கா ஒச்சம்மாளை அனுப்பியிருந்தான். தீர்ப்பு ஆகட்டும் என்று சொல்லியிருந்தோம். உன் பிளேட்டு வந்த பிறகு ஒச்சம்மாள் இந்தப் பக்கம் வரவில்லை. தீர்ப்புக்குப் பிறகு நானே போய்க் கேட்டேன். கை ஒடிந்த கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும் அண்ணே, பிள்ளைமேல் குறையில்லை, ஆனால் எங்கள் தெருவில் அவள் நடந்தால் பாட்டு முன்னால் நடக்குமே என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு இடம் இல்லை. காளையிடம் அந்தப் பிளேட்டைப் போடாதே என்று சொன்னேன், கேட்கிறவர்கள் கேட்கிறார்களே என்று இழுத்தான், இரண்டு வாரம் நான் அவன் கடைப் படி ஏறவில்லை, பிறகு உள்ளே எடுத்து வைத்துவிட்டான். ஆனால் மதுரைக்குள் போனால் தெருவுக்கு ஒரு கடையில் ஓடுகிறது, எத்தனை கடைக்கு நான் ஏறி இறங்குவேன்? அழகம்மாள் நேற்றுமுதல் நடவுக்கு வருகிறாள், ஒரு கையால் நாற்று முடியைப் பிரித்து மறு கையால் ஊன்றுகிறாள், மற்றவர்களைவிட ஒரு அடி பின்தங்கித்தான் போகிறாள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

ஆகவே நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பிளேட்டுக் கம்பெனிக்கு எழுதி அந்தப் பாட்டை இனிமேல் அச்சுப் போட வேண்டாம் என்று சொல், கேட்பார்களோ மாட்டார்களோ, நீ எழுது. மேடையில் ஆயிரம் பேர் கேட்டாலும் அதைப் படிக்காதே. அக்காவுக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிக்கிறாள். அப்படி எழுத மாட்டேன். கோபம் இருக்கிறது. காளை கடையிலிருந்து உன் முருகன் பாட்டு வீட்டுக்குக் கேட்டால்கூட அவள் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுகிறாள். நான் உட்கார்ந்து கேட்கிறேன், கேட்கவும் பிடிக்கிறது, கேட்டு முடித்ததும் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

மழைக்காலத்தில் தொண்டையில் துணி சுற்றிக்கொள், வேஷம் கலைத்த கையோடு பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எந்தத் தேசத்தில் இருந்தாலும் நீ கெட்டுப்போகாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று கருப்பனைக் கும்பிடுகிறேன், கோபத்துக்காக அதைக் குறைக்கவில்லை. பதில் கடிதம் எனக்கு வேண்டாம், உன் அக்காவுக்குப் போடு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், நீ எழுதினதை எழுதினபடியே அவள் காதில் போடுவேன். பார்த்து எழுது.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத அப்பன்,
உக்கிரபாண்டி