பதினேழாவது பதிவு

வாலிநோக்கம்,
வெள்ளிக்கிழமை.

துர்கா அக்காவுக்கு,

வசீம் எழுதுகிறேன். பஸ் ஸ்டாப் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சீனி முகம்மது மகன் வசீம். நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். அப்படிக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று இதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் திருப்பூர் முகவரியை உங்கள் தம்பி தர்மராஜிடம் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். ரேஷன் கார்டு வேலை என்று பொய் சொன்னேன். இது தபாலில் விழுந்ததும் அவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்கிறேன். நீங்கள் உப்பளக் கங்காணியைப் பற்றிப் பேசியதைப் போனில் பதிவு செய்தது வெள்ளையம்மாள் அக்கா இல்லை. அது என்னிடமிருந்து வெளியே போனது. நாலு மாதமாக இது எனக்குத் தெரியும்.

பங்குனியில் நீங்களும் வெள்ளையம்மாள் அக்காவும் உப்பள வேலை முடிந்து என் கடைப் பின்னறைக்கு வந்து, நான் அச்சடித்துக் கொடுத்த வாக்கியங்களை வாசித்தீர்கள். நம் பேச்சு கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டும், அதற்காக என்றேன். ஆஸ்பத்திரி டோக்கன், கடல் எச்சரிக்கை எல்லாம் இனி மெஷினிடம் பேசித்தான் வாங்க வேண்டிவரும், அதற்கு மெட்ராஸ் பேச்சுதான் புரிகிறது, நம் ஆட்கள் வாயில்லாதவர்களாகி விடுவார்கள் என்றேன். அது பொய்யில்லை. இன்றும் நம்புகிறேன். நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். “இத யாரு கேப்பா தம்பி?” மெஷின் மட்டும்தான் கேட்கும், அதுவும் நீங்கள் வாசிப்பதை மட்டும்தான் என்று சொன்னேன்.

வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தினால் களைத்துப்போவீர்கள் என்று ரெக்கார்டரை ஓடவிட்டிருந்தேன். நடுவில் இருக்கும் பேச்சைப் பிறகு வெட்டி எறிந்துவிடுவது வழக்கம். அன்று இடையில் நான் டீ வாங்கப் போனேன். அது ஓடிக்கொண்டிருந்தது. ஒதுங்கப் போனால் கங்காணி பின்னாலேயே வருகிறான், அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று வெள்ளையம்மாள் அக்காவிடம் சொன்னீர்கள். அவன் செருமுவதையும் அதட்டுவதையும் அப்படியே பேசிக் காட்டினீர்கள். அவர் சிரித்தார். நான் டீயோடு வந்ததும், விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினீர்கள்.

இனி என் யோக்கியதை. போனில் ஒரு குழு இருக்கிறது. கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்தவர்கள் இரண்டாயிரம் பேர். எந்தக் கம்பெனி புதிதாக என்ன விட்டது, எது சரக்கு, எது வெறும் பீற்றல் என்று நாள் முழுக்கச் சண்டை போடுவோம். நான் ராமநாதபுரம் மாவட்டம் என்றால், தண்ணியில்லாக் காட்டில் கரண்டாவது இருக்கிறதா என்று கேலி செய்வார்கள். அவர்கள் நடுவே நானும் ஒரு ஆள் என்று காட்ட எனக்கு ஆசை. எழுதக் கூசுகிறது. ஆனால் அதுதான் காரணம்.

மே மாதம் ஒரு பெரிய கம்பெனி, தங்கள் மெஷினுக்குத் தமிழ் முழுசாகத் தெரிந்துவிட்டது என்று அறிவித்தது. குழுவில் ஒரே கொண்டாட்டம். எனக்குக் கொதித்தது. எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்ததெல்லாம் பேச்சே இல்லை, வெட்டிச் சுத்தம் செய்யாத பேச்சைக் கொடுத்தால் மெஷின் பல்லிளிக்கும் என்று எழுதினேன். இருந்தால் போடு பார்ப்போம் என்றார்கள். என்னிடம் இருந்த நாற்பது பதிவுகளையும் வெட்டாமல் பொதுவில் ஏற்றினேன். யாரும் எடுக்கலாம், எதற்கும் பயன்படுத்தலாம் என்று மேலே எழுதியும் வைத்தேன். அதோடு நிற்கவில்லை. பதினேழாவது பதிவு, இருபத்திரண்டாவது நிமிடம் கேளுங்கள், இதுதான் தமிழ் என்று நானே கைகாட்டினேன்.

அக்கா, அந்த இடத்தை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். சொல் எங்கே குறுகுகிறது, குரல் எங்கே ஏறுகிறது என்று கேட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து நவ்ஷாத் என்ற ஒருவர் மட்டும், பேசியவர்களிடம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் ஏற்றினீர்களா என்று கேட்டார். ஏசியில் உட்கார்ந்துகொண்டு உப்பளத்துப் பெண்களுக்காக அழ வேண்டாம், நான் அந்த ஊர்க்காரன் என்று பதில் போட்டேன். நூற்று நாற்பது பேர் கைதட்டினார்கள். அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

யாரோ அந்த இருபது நொடியை மட்டும் வெட்டி, சிரிப்பு மூஞ்சி ஒட்டி, ஸ்டேட்டஸ் வைக்கச் சுற்றில் விட்டார்கள். சாயல்குடி, கீழக்கரை என்று போய்க் கடைசியில் கங்காணி போனுக்கே வந்தது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெயிலில் ஒரு பெண் தண்ணீர் குடிக்காமல் உப்பு வாருகிறாள், அது இவர்களுக்கு வேடிக்கை. யாரந்த ஆள், ஏன் பின்னால் வருகிறான் என்று ஒருத்தன் கேட்கவில்லை. இவர்களைத் திட்டலாம் என்று வாயெடுத்தால், முதலில் கேட்டவன் நான்தான்.

உங்களிடம் இருந்தது பட்டன் போன். யாரும் உங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. நீ பேசியதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, நாளையிலிருந்து வராதே என்று கங்காணி சொன்னான். அதில் வெள்ளையம்மாள் சிரிப்பும் கேட்கிறது என்று யாரோ சொன்னார்கள். டச் போன் வைத்திருப்பவர் அவர். கூட இருந்தவரும் அவர். நீங்கள் வேறு எப்படி நினைத்திருக்க முடியும்? என் பின்னறை உங்கள் நினைவுக்கே வரவில்லை. நான் கொடுத்த வார்த்தையை நம்பியிருந்தீர்கள்.

பஸ் ஸ்டாப்பில் நீங்கள் அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “கூடப் பொறந்தவளா நெனச்சேன்டி. இனி எம் மூஞ்சில முழிக்காத.” பிள்ளை மேல் சத்தியம் என்று அவர் கையை நீட்டினார். பிள்ளையை இழுக்காதே என்று தட்டிவிட்டீர்கள். நான் கடைக்குள் ஒரு பெரியவருக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு போதும் என்று அவர் சொன்னபோது ஏழு எடுத்திருந்தேன். ரோட்டைத் தாண்டி வந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

ஊரைவிட்டுப் போகும் அன்று முருகலட்சுமியின் டிசியை என் கடையில்தான் நகல் எடுத்தீர்கள். பத்தாம் வகுப்பின் நடுவில் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போகிறீர்கள். நான் காசு வாங்கவில்லை. “நல்லா இருய்யா” என்றீர்கள். தலையை ஆட்டி அதையும் வாங்கிக்கொண்டேன்.

பதிவுகளை அழித்துவிட்டேன். அது பெரிய காரியமில்லை, அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து திரும்ப வாங்க என்னால் முடியாது. நடந்ததைக் குழுவில் எழுதினேன். இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். ஒருவர், மற்ற பதிவுகளுக்கு வேறு லிங்க் உண்டா என்று கேட்டார். அதற்குள் இன்னொரு கம்பெனி இன்னொன்றை விட்டுவிட்டது, பேச்சு அங்கே போய்விட்டது. நவ்ஷாத் மட்டும் தனியாக எழுதினார். பதிவில் பேசிய இரண்டு பெண்களிடமும் சொல்லிவிட்டீர்களா என்று. நான் பதில் போடவில்லை.

வெள்ளையம்மாள் அக்காவோடு உப்பளத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வண்டியில் அவர் பக்கத்து இடம் காலியாகவே வருகிறது. போன வாரம் அவர் என் கடைக்கு வந்தார். தன் போனை மேசை மேல் வைத்தார். “அழிச்சதையும் எடுப்பியாமே தம்பி. எடுத்துப் பாரு. இந்தப் போன்ல பிடிக்கலன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. துர்காட்ட காட்டணும்.” போனை வாங்கினேன். பத்து நிமிடம் எதையோ தேடுவதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது அக்கா என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். இதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை நான் செய்ததில்லை.

மூன்று நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. எல்லா மீனையும் ஆய்ந்து, அலசி, கைகழுவிவிட்டு வந்தார். “அன்னைக்கி எம் போனை வாங்கி நோண்டுனியே, என்னத்தலே பாத்த?” என்றார். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிடுவார். “என்ட்ட சொல்லி என்னத்துக்கு? அவட்ட சொல்லு. போன்ல வேணாம், நாளைக்கி மாத்திப் பேசுவ. பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.” அதனால்தான் கடிதம்.

நேற்று காலை உப்பள வண்டி ஏறும் இடத்தில் பெண்கள் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒருவர் செருப்பைக் காட்டினார். வண்டியில் வெள்ளையம்மாள் அக்கா பக்கத்தில் யாரும் உட்கார்ந்தார்களா என்று பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது.

கங்காணி மேல் மனுக் கொடுக்க நினைத்தால் சொல்லுங்கள். எழுதித் தருகிறேன், எங்கே கூப்பிட்டாலும் வந்து என் தப்பையும் சேர்த்துச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன்.

வெள்ளையம்மாள் அக்கா உங்களைப் பற்றி இன்னும் சில சொன்னார். இதையும் எழுதவா என்று கேட்டேன். வேண்டாம், அதை நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார். எழுதவில்லை. உங்கள் புது நம்பர் அவரிடம் இல்லை. உங்களைக் கேட்காமல் தர்மராஜ் கொடுக்கவும் மாட்டார். அதனால் நீங்கள்தான் கூப்பிட வேண்டும். என்னை மன்னிக்க வேண்டாம் அக்கா, அதை நான் கேட்கவில்லை. அவரை ஒரு தடவை கூப்பிடுங்கள். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். வேலை நேரத்திலும் போனை மடியிலேயே கட்டி வைத்திருக்கிறார்.

கோபத்தில் அவர் நம்பரை அழித்திருப்பீர்கள் என்று இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
அவர் சொன்னபடி கையெழுத்திட்டு,
சீ. வசீம்