கொழுந்தியாளின் ரொட்டி வண்டி

ஜூன் 2, திங்கள்

எழுதாவிட்டால் மனசு ஆறாது. எழுதினால் மானம் போகும். போகட்டும். டீசல் பிக்கப் வைத்திருக்கிற எல்லோருக்கும் "தொட்டியைக் காலியாக விடாதீர்கள், அடிக்கசடு குழாயில் ஏறும், காற்றுப் புகுந்துவிடும்" என்று வகுப்பெடுக்கிற நான், இன்று காலை டீசல் தீர்ந்து நடுரோட்டில் நின்றேன். அதுவும் பெட்ரோல் பங்குக்கு நேர் எதிரே! பங்கு ஆட்கள் இரண்டு பேர் வந்து தள்ளினார்கள்.

"ஏண்ணே, நீங்கதானே அந்த டீசல் மெக்கானிக்கு?"

"இல்லப்பா, அவரு எங்க அண்ணன்."

சட்டைப்பை மேல் என் பட்டறையின் பெயர் தைத்திருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றி வண்டியைக் கிளப்பியபோது இரண்டு பேரும் கைதட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

கொழுந்தியாளின் வண்டி பட்டறைக்கு வந்தது. பேக்கரி வைத்திருக்கிறாள். ஊருக்கு வெளியே, பெரிய பாலம் தாண்டி இருக்கும் மருத்துவமனைக்குத் தினமும் விடியற்காலையில் அவளே வண்டி ஓட்டிக்கொண்டுபோய் ரொட்டி போடுகிறாள். அந்த ஒரு ஆர்டரில்தான் பேக்கரி ஓடுகிறது. அவள் புருஷன், என் சகலை, அங்கே கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லும் வேலை பார்க்கிறார்.

வண்டி இருமுகிறது, வெள்ளைப் புகை விடுகிறது. "பேட்டரியா இருக்கும் சகலை" என்றார். அவருக்குப் பல்வலி வந்தாலும் பேட்டரிதான்.

ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகாணியைத் திறந்தேன். டீசலுக்குக் கீழே தண்ணீர். தொட்டி மூடியின் ரப்பர் நைந்துபோயிருந்தது. மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. தொட்டியை வடித்துக் கழுவி, புது ஃபில்டர் போட்டேன். வண்டி தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஓடியது. மூடி ரப்பர் கடையில் இல்லை, வரவழைக்க வேண்டும்.

கொழுந்தியாளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டர்ல தண்ணிய வடிச்சிடு. சாயங்காலமே தொட்டிய நிரப்பிடு, ராத்திரிக் குளிர்ல உள்ள வேர்க்காது. முக்கியமா, அந்த மூடி வழியா ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாது."

"போகாது அத்தான். நான் பாத்துக்கிறேன்."

சொன்னால் செய்கிற பெண். இவள் அக்காவும் இருக்கிறாளே, என் வீட்டில்!

ஜூன் 9, திங்கள்

பாலத்து மேல் வண்டி நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரம் சும்மா நின்றதும் தானே கிளம்பியதாம். ரொட்டி தாமதம்.

ஜூன் 11, புதன்

மறுபடியும் அதே பாலம். பட்டறையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன்; ஒரு தும்மல்கூட இல்லை. எங்கேயோ காற்று இழுக்கிறது என்று எனக்கு நிச்சயம். டீசல் குழாயில் ஒரு துண்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயை மாட்டினேன். குமிழி வந்தால் காற்று. வராவிட்டால் நான் முட்டாள். குமிழி வரவில்லை.

அடுத்து இன்ஜெக்டர். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு குழாயின் நட்டாகத் தளர்த்தினேன். எதைத் தளர்த்தியபோது சத்தம் மாறவில்லையோ அதுதான் சோம்பேறி. நாலும் ஒழுங்காக வேலை செய்தன. சோம்பேறி பட்டறை வாசலில் நின்று, "பேட்டரியப் பாத்தீங்களா சகலை?" என்றார்.

ஜூன் 12, வியாழன்

"உங்க வண்டியில ரொட்டியக் கொண்டுபோய்க் குடுக்கக்கூடாதா? வாய் மட்டும் கிழியுது" என்றாள் மனைவி. கொண்டுபோனேன். நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

ஜூன் 13, வெள்ளி

ரொட்டியில் டீசல் வாடை அடித்ததாம். நோயாளிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேன்டீன் மேலாளர் கொழுந்தியாளைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா வேற பேக்கரிக்குக் குடுத்திடுவோம்மா. சனி, ஞாயிறு வெளியில வாங்கிக்கிறோம். வர்ற திங்கக்கிழமை கடைசி சான்ஸ்" என்று சொல்லிவிட்டார்.

அழவில்லை அவள். மாவு ஒட்டிய கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "அத்தான், உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க. வேற ஆளப் பாக்குறேன்" என்றாள்.

முடியலையா? எனக்கா? தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் எவனும் — சரி, கேட்டிருக்கிறார்கள். ஆனால் சொந்தக் கொழுந்தியாள் கேட்டதில்லை. அவளிடம் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14, சனி

இன்று ஒரு மகா யோசனை. சுத்தமான டீசல் நிரப்பிய கேனைக் கொழுந்தியாளின் வண்டியில் காலி ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டிவைத்தேன். தொட்டியை ஒதுக்கிவிட்டு, எஞ்சினுக்குக் கேனிலிருந்தே குழாய் கொடுத்தேன். பாலத்தைத் தாண்டி, மருத்துவமனையைத் தாண்டி, கல்குவாரி வரைக்கும் போய் வந்தேன். நிற்கவே இல்லை!

ஆக எஞ்சின் குற்றவாளி இல்லை. பம்பு இல்லை. இன்ஜெக்டர் இல்லை. குற்றவாளி தொட்டிப் பக்கம்தான். மனைவியிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் ஒரு மரியாதை தெரிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பிடித்துவிட்டேன்!

காலையில் தொட்டியோடு குழாயை மறுபடி சேர்த்து, ரொட்டிக்குப் பதிலாக மாவு மூட்டைகளை ஏற்றி, சகலையையும் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். பாலத்து ஏற்றத்தில் வண்டி சொணங்கியது, குலுங்கியது, நின்றது. நல்லது. நோய் டாக்டர் முன்னாலேயே வந்து நின்றது. தொட்டியிலிருந்து டீசல் வருகிறதா என்று பார்க்க அடியில் ஊர்ந்துபோய்க் குழாயைக் கழற்றினேன். நிறைந்த தொட்டி, ஒரு சொட்டு வரவில்லை.

அப்போது மேலே ஒரு சத்தம்: "உஸ்ஸ்ஸ்..."

அடுத்த நொடி டீசல் பீய்ச்சியடித்தது. முகத்தில்தான். அந்த ஒரு சத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

தொட்டி மூடிக்குக் கீழே, வாயை அடைத்து, ரொட்டிக்குச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்! மடித்து, இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல். பல் போன கன்னம் மாதிரி நடுவில் உள்ளே குழிந்து கிடந்தது. பழைய வண்டி, அந்த மூடியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் தொட்டி மூச்சுவிடும். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் தொட்டி உள்ளுக்குள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பம்பால் உறிஞ்ச முடியாது. வண்டி நின்றபிறகு ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும். அதனால்தான் சும்மா இருந்தால் தானே கிளம்பியது. பட்டறையில் நின்ற இடத்தில் ஓடியபோது டீசலே அதிகம் செலவாகவில்லை. எவ்வளவு பொருந்துகிறது!

பேக்கரிக்குப் போய்த் தாளை மேசையில் போட்டேன்.

"நீங்கதானே அத்தான் சொன்னீங்க, ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாதுன்னு? தினமும் டீசல் போட்டதும் புதுத் தாள் சுத்துவேன். எங்க ரொட்டி மூணு நாள் கெடாம இருக்குல்ல?"

"ரொட்டி மூச்சு விடாதும்மா. தொட்டி விடும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

சொல்லியிருக்கலாம்தான். ரப்பர் நாளை மறுநாள் வருகிறது; அதுவரை மழையில் நிறுத்தாதே என்று மட்டும் சொன்னேன். நான் சொல்கிற அறிவுரைக்கும் ஒரு மூடி வேண்டும் போலிருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

ரொட்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜூன் 22, ஞாயிறு

வாரம் முழுக்க ஒரு நாள்கூடத் தாமதமில்லை. மேலாளர் அடுத்த வருஷத்துக்கும் ஆர்டரை உறுதி செய்துவிட்டார். தினமும் பன்னும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். பேக்கரியில் இன்னொரு பெண்ணை வேலைக்கு எடுக்கிறார்கள்.

பிக்கப் ஓட்டுநர்கள் சங்கத்தில் இன்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு நான் வைத்ததுதான்: "காதால் நோய் கண்டறிதல்." பாலத்து மேல் வண்டிக்கு அடியில் படுத்துக் கேட்ட அந்த "உஸ்"ஸை வாயால் செய்து காட்டினேன். நல்ல கைதட்டல்.

திரும்பும் வழியில் பேக்கரியில் டீ. கொழுந்தியாளுக்கு வாய் சும்மா இருக்காது. அவளுடைய அக்காளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாலத்து மேல் மூடியைத் திறந்தது சகலையாம். நான் அடியில் படுத்துக்கொண்டு டீசலை உறிஞ்சிக் கேனில் பிடிக்கிறேனோ என்று அளவு பார்க்கத்தான் திறந்தாராம்.